நாற்பத்திரண்டா நாற்பத்தைந்தா

ஜீப் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களோடு பேசிப் பேசியே என் பாதி ஆயுசு போய்விட்டது. ஐயா, வில்லீஸ் வேறு, போர்டு வேறு. உலகச் சண்டைக் காலத்தில் இரண்டு கம்பெனிக்காரனும் ஒரே படத்தை வைத்துக்கொண்டுதான் செய்து தள்ளினான். ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ், பட்டையாக இருந்தால் போர்டு. போர்டுக்காரன் கர்வம் பிடித்தவன். போல்ட் தலைக்குத் தலை தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைத்திருப்பான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேறு எதுவும் தெரியாததால் தெரியும். திருப்பாப்புலியூர் ரயில்வே கேட் ஓரம் கொளஞ்சி மேஸ்திரி பட்டறை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இருபது வருஷமாக, ஓடாமல் படுத்துவிட்ட ஜீப்பை எல்லாம் அங்கேதான் இழுத்து வருவார்கள். "ஜீப்புக்கு ஜாதகம் சொல்றவரு" என்று பெயர். பெயருக்கு என்ன குறைச்சல்? ஐம்பத்தாறு வயதில் முட்டி இரண்டும் போய்விட்டது. குனிந்தால் நிமிர முடிவதில்லை, நிமிர்ந்தால் குனிய மனம் வருவதில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மோட்டார் ஆபீஸ் பியூன் சிங்காரம் சைக்கிளில் வந்து நின்றான்.

"மேஸ்திரி, பிரேக் இன்ஸ்பெக்டர் கூப்புடறாரு. ஒரு வண்டிக்கு மாடல் சொல்லணுமாம்."

கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம் வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் போனேன். ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. ஆகாச நீலத்தில் பெயிண்ட், தகரக் கூரை, முன் கண்ணாடிக்கு மேலே வெள்ளையில் 786. பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டு நின்றார். சிதம்பரத்துக்காரர், பெயர் காசிம், வண்டி அவருடையது.

இன்ஸ்பெக்டர் ஞானசேகரன் வந்து ஆறு மாசம்தான். டீ கூட வாங்கிக் குடிக்காத மனுஷன். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். காசிம் வண்டியை வருஷா வருஷம் காட்டும் பரிசோதனைக்குக் கொண்டுவந்திருக்கிறார். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் போர்டு, நாற்பத்திரண்டு மாடல், சேசிஸ் நம்பர் 47816 என்று இருக்கிறது. நம்பர் குத்திய இடத்தில் சேறும் கிரீஸும் ஒரு விரற்கடை கெட்டியாக அப்பியிருந்தது. முன்னே இருந்தவர்கள் தொடாமல் விட்டதை இவர் துடைத்துப் பார்த்திருக்கிறார். வண்டியில் இருப்பது 247816.

"கம்மாபுரத்துல ஒரு கான்ட்ராக்டரோட ஜீப் போன மாசம் திருடு போயிருக்கு மேஸ்திரி. நாப்பத்தஞ்சு மாடல் போர்டு. காகிதம் எல்லாம் வண்டியிலயே இருந்ததால அவருக்கே சேசிஸ் நம்பர் தெரியல. இது நாப்பத்திரண்டுன்னா, நான் கையெழுத்து போட்டு அனுப்பிடறேன். நாப்பத்தஞ்சுன்னா போலீசுக்கு எழுதணும். வண்டிய மட்டும் இல்ல, இவரையும் ஒப்படைக்கணும்."

காசிம் என்னைப் பார்த்தார். "மாமா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எங்க மாமனார் ஏலத்துல எடுத்த வண்டி இது. நான் யாரு சொத்தையும் தொட்டவன் இல்ல." எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவனும் மாமாதான். ஆனாலும் அவர் அதைச் சொன்னது காதில் நின்றது.

கீழே சாக்கை விரித்து, முருகா என்று படுத்துப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் பட்டை, போர்டுதான். மற்றபடி அது வண்டியே இல்லை, கதம்பம். என்ஜின் வில்லீஸ். பின்பக்கத் தகடு எவனோ லாரி ஷெட்டில் அடித்தது. போல்ட்டுகளில் பாதி நம்ம ஊர்ப் போல்ட். எதை வைத்து வயசு சொல்ல? மிச்சம் இருந்தது நம்பர் ஒன்றுதான். பட்டாளத்து சார்ஜெண்ட் ஒருவர் கொடுத்த பட்டியல் எனக்கு மனப்பாடம். நாற்பத்தேழாயிரம் என்றால் நாற்பத்திரண்டு. இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரம் என்றால் நாற்பத்தைந்து.

"நம்பர்ப்படி பாத்தா நாப்பத்தஞ்சுதான் சார்" என்றேன், படுத்தபடியே. ஜாதகம் சொல்கிறவனுக்கு வாய் முந்திக்கொள்ளும்.

சொல்லிவிட்டுத்தான் விரலால் நம்பரைத் தடவினேன். 2, 4, 7. எட்டின் மேல் விரல் நின்றது. எட்டின் இடுப்பில், வலது பக்கம், அரிசி மூக்கு அளவுக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டு எனக்குத் தெரியும். என் பட்டறைப் பெட்டியில் இருக்கிற, இரும்பில் நம்பர் குத்தும் பஞ்ச்களில் எட்டாம் நம்பர் ஒரு தரம் பட்டடைக் கல்லில் விழுந்து மூக்கு உடைந்தது. கம்பெனிக்காரன் குத்திய நம்பர் இல்லை இது. நான் குத்தியது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன். ஆபீஸ் உத்தரவு இல்லாமல் சேசிஸில் நம்பர் குத்துவது குற்றம். பட்டறைக்குப் பூட்டு விழும், ஆளுக்கும் விழலாம். இன்ஸ்பெக்டர், "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். வேற அத்தாட்சி இருந்தா கொண்டு வாங்க" என்று காசிமிடம் சொன்னார். காசிம் தலையாட்டினார். என்னை அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சட்டை செய்யாதவன் மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறந்து எட்டை எடுத்துப் பார்த்தேன். அதே வெட்டு. எல்லாம் ஞாபகம் வந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்து மழையில், சிதம்பரத்திலிருந்து அப்துல் வதூது என்று ஒரு பெரியவர் பட்டாளப் பச்சையில் ஒரு ஜீப்பை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார். கொள்ளிடக் கரையில் இறங்கி சேசிஸ் முறிந்துவிட்டது. முறிந்த துண்டில் நம்பர் துருவேறிப் போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பட்டையை வைத்து வெல்டு அடித்து, புத்தகத்தைப் பார்த்து நம்பரையும் குத்திக் கொடுத்தேன். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நூறு வருசம் நல்லா இருப்பா மச்சான்" என்றார். அந்த ஜீப்தான் நீலத்தைப் பூசிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறது.

சரி, குத்தியது நான்தான். ஆனால் அந்த இரண்டு எங்கேயிருந்து வந்தது? புத்தகத்தில் 47816 என்று பார்த்துவிட்டு 247816 என்று குத்துவதற்கு நான் என்ன குடிகாரனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. காரணம் தெரியாமல் போய் "நான்தான் சார் குத்தினேன்" என்று நின்றால், திருட்டு வண்டிக்கு நம்பர் மாற்றிக் கொடுத்தவன் என்று என்னையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்கள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு நியாயத்துக்குப் பஞ்சம் இல்லை.

புதன்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பெரியவர் வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால், அதில் அந்த இரண்டுக்கு விடை இருக்காதா என்று ஒரு நப்பாசை. மழையில் ரோடெல்லாம் குண்டும் குழியும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. பின் சீட்டில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, எதற்காக இந்த வயதில் இந்தத் தொழிலைக் கட்டி அழுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

லால்கான் பள்ளிவாசல் பக்கம் வீடு. காசிமின் பெண்சாதி ருக்கையா கதவைத் திறந்தாள். அப்துல் வதூதின் மகள், அதே நெற்றி. காசிம் தினமும் ஆபீசில் தலை காட்ட வேண்டும் என்பதால் கடலூரிலேயே தங்கியிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, "உள்ள வாங்க மாமா. இந்த மழையில நீங்களே வந்திங்களா" என்றாள். உதவி செய்ய வந்தவன் என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஏலச் சீட்டு செல்லரித்து மாடல் எழுதிய இடமே ஓட்டையாக இருந்தது. மற்றவை மலேயாவிலிருந்து வந்த கடிதங்கள், நிலப் பத்திரம், பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒன்றும் இல்லை.

"எங்க அத்தா மவுத்தாகுறப்ப, கடைசி மூச்சுல, எங்க வூட்டுக்காரங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. வண்டிய வித்துடாதப்பா, மழைக் காலத்துல ஆத்துப் பக்கத்து ஊருலேருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேற வண்டி கெடையாதுன்னு. இவுங்களும் எட்டு வருசமா புள்ளத்தாச்சியும் பாம்பு கடிச்சவனுமா ஏத்திக்கினு ஓடறாங்க. இப்ப திருடன்ங்கிறாங்க. தெருவுல ரெண்டு பேரு இப்பவே எங்கிட்ட பேசுறதில்ல மாமா."

அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் ஒரு அரைத்தாளை எடுத்துவந்தாள். இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதியிருக்கிறாளாம், நான் படித்துப் பார்த்து எடுத்துப்போக வேண்டுமாம். குண்டு குண்டான எழுத்து. உச்சியில் 786 என்று போட்டு, கீழே கனம் ஐயா அவர்களுக்கு என்று தொடங்கியிருந்தது. நான் வாங்குவதற்குள் அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"மாமா, மேல இருக்குற எழுநூத்தி எம்பத்தாற அழிச்சிடட்டுமா? இது நம்பர் இல்ல, அல்லா பேரச் சொல்ற பிஸ்மின்னு அந்த ஆபீசருக்குத் தெரியுமா? இதையும் வண்டி நம்பரோட சேத்துப் படிச்சிட்டாருன்னா?"

சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்பர் இல்லாத நம்பர். அடப் பாவி கொளஞ்சி!

ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைத் தொட்ட நாளிலிருந்து பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. மளிகைச் சீட்டுக்கும் போடுவேன், பட்டறைக் கதவில் சுண்ணாம்பால் எழுதும்போதும் போடுவேன். அன்றைக்கு முறிந்த சேசிஸில் முதல் அடி அடிப்பதற்கு முன்னாலும் போட்டிருக்கிறேன். என்னிடம் இருந்தது இங்கிலீஷ் நம்பர் பஞ்ச் மட்டும்தான். தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? 'உ'வுக்குப் பதில் இரண்டாம் நம்பரை வைத்து ஒரு தட்டு, அடியில் உளியால் ஒரு கோடு. பட்டையின் மேலே இடம் இல்லாததால் நம்பருக்கு முன்னால். கோடு வெல்டு ஓரத்தில் துருவில் மறைந்துபோக, பிள்ளையார் இரண்டு லட்சமாகி நிற்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பது இதுதான்.

"அழிக்காதம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லி மனுவை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அப்போதும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை முழுக்கப் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முட்டி வலி என்று சொல்லிக்கொண்டேன். மத்தியானம் சோறு கொண்டுவந்த என் சம்சாரம் ரத்தினம்மாள், தூக்குச் சட்டி அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா, பேயறைஞ்ச மாதிரி குந்திக்கினு கீற?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்குச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீ போட்ட சுழி, நீயே போயி சொல்லு. பட்டறைய மூடுனா மூடட்டும். கூழோ கஞ்சியோ குடிப்போம். அந்தப் பொண்ணு கண்ணீரு நம்ம ஊட்டுக்கு வாணாம்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் நின்றேன். பஞ்ச் பெட்டியையும் எடுத்துப் போயிருந்தேன். காசிம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நாலு நாள் தாடியோடு. ருக்கையாவின் மனுவை மேசையில் வைத்துவிட்டு, ஐம்பத்தேழாம் வருஷத்து மழையிலிருந்து தொடங்கி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் நம்பர் பஞ்ச்சையும் காட்டினேன். அவர் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கதை நல்லா இருக்கு மேஸ்திரி. எட்டு உங்களோடதுதான், ஒத்துக்கறேன். நம்பர நீங்கதான் குத்தினிங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். என்னா வண்டிக்குக் குத்தினிங்க, எப்பக் குத்தினிங்கன்னு அது சொல்லாதே. செவ்வாக்கிழமை நாப்பத்தஞ்சுன்னு நீங்களே சொன்னிங்க. நடுவுல சிதம்பரம் போயிட்டு வந்திருக்கிங்க. இன்னைக்கு நாப்பத்திரண்டு. அந்த வீட்டுல என்னா குடுத்தாங்க?"

"டீ குடுத்தாங்க சார்."

சிங்காரம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சொன்னத அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் போலீசுக்கு அனுப்பறேன். அவங்க பாத்துக்கட்டும்" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

அவ்வளவுதான், நானும் உள்ளே, காசிமும் உள்ளே என்று நினைத்தேன். பேனாவை எடுத்துத் தாளில் வைத்தேன். மோட்டார் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பிக்கப் போகையில், "இருங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார் இன்ஸ்பெக்டர்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தாளின் உச்சியில் ஒரு 'உ', அடியில் ஒரு கோடு. நான் போட்டது எனக்கே தெரியாது.

தாளை உருவி எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைச் சட்டையோடு அவரே மண்ணில் படுத்து, வெல்டு ஓரத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பெயிண்ட் போயிற்று. இரண்டின் காலடியில், நீளமாக, நான் ஒன்பது வருஷத்துக்கு முன் இழுத்த உளிக்கோடு தெரிந்தது. சிங்காரம் எட்டிப் பார்த்து அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், ஜீப்பின் வயிற்றைப் பார்த்து.

"நாப்பத்திரண்டு" என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்து. பிறகு என்னிடம், "நம்பர் குத்தினது தப்பு, தெரியுமில்ல? பெட்டி இங்கயே இருக்கட்டும். விசாரணை முடியிற வரைக்கும் பட்டறையத் தெறக்கக் கூடாது. சாவிய சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து குடுங்க" என்றார். தலையாட்டினேன். எதிர்பார்த்ததுதான்.

அடுத்த வருஷம் இன்னொருத்தர் வந்து இதே கூத்தை ஆடக் கூடாது, அந்த இரண்டை உளியால் அடித்து அழித்துவிடுங்கள் என்றார். யார் அழிப்பது? நான் உளியைத் தொடவில்லை. சிங்காரம் இரண்டடி பின்னால் போனான். இன்ஸ்பெக்டரும் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சார்" என்றார் காசிம். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு. "ஒம்போது வருசமா கூடவே ஓடியிருக்கு. மேல எங்களுது இருக்கு, கீழ அது இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி, குறிப்புப் பக்கத்தில் எழுதினார்: 'சேசிஸ் எண் 47816. முன்னால் இருப்பது எண் அல்ல.' கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார்.

காசிம் வண்டியைக் கிளப்பி என் பக்கம் நிறுத்தி, ஏறச் சொல்லிக் கை காட்டினார். என் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். மனசு லேசாகி ஏறி உட்கார்ந்தேன். ஒரு நன்றி சொல்லுவார், நான் அதெல்லாம் எதற்கு என்பேன் என்று இருந்தேன். கெடிலம் பாலத்தின் நடுவில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"செவ்வாக்கிழமையே ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

நான் பின்னால் கிடந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன்.

"எட்டு மேல ஒங்க விரல் நின்னுச்சு. நான் பாத்துக்கினுதான் நின்னேன்."

"தெரியும்" என்றேன். "ஆனா அந்த ரெண்டு எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. அத்தோட, பயந்துட்டேன்."

"மூணு நாளு" என்றார். திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

ரயில்வே கேட் ஓரம் வண்டி நின்றது. இறங்கிச் சைக்கிளை எடுத்துக் கீழே வைத்தார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவதற்குள் திரும்பி சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வரேன், மேஸ்திரி" என்றார்.

மேஸ்திரி. செவ்வாய்க்கிழமை காலையில் முகம் தெரியாதவனாக அவர் முன்னால் நின்றபோது நான் மாமாவாக இருந்தேன். மூன்று நாளில் அதைத் தொலைத்துவிட்டேன். நீல ஜீப் திரும்பிச் சிதம்பரம் ரோட்டைப் பிடித்தது. நான் பட்டறைக் கதவைச் சாத்திப் பூட்டினேன். சுண்ணாம்பில் எழுதியிருந்த 'உ' கதவில் அப்படியே இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மஞ்சக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்தேன்.